“பிசிஎம் போயிருச்சு”னு மெக்கானிக் சொன்னா, அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

போன வீடியோவில் எமர்ஜென்சி ஃபண்ட் பற்றிப் பேசினோம். அந்த ஃபண்டை ஒரே நாளில் காலி பண்ணக்கூடிய ஒரு செலவைப் பற்றித்தான் இந்தப் பதிவு. வண்டியில் இருக்கும் ஒரு சின்ன எலக்ட்ரானிக் பெட்டி. பெயர் பாடி கன்ட்ரோல் மாட்யூல், சுருக்கமா பிசிஎம்.

எங்க தாய்மாமா போடிநாயக்கனூரில் இருக்கார். மலைமேல பூப்பாறை பக்கம் குத்தகைக்கு ஏலத்தோட்டம். காய் எடுப்பு நேரத்தில் தினமும் முந்தல் தாண்டி, போடிமெட்டு கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி இறங்கணும். வண்டி ஏழு வருஷப் பழைய டீசல் வண்டி. போன ஐப்பசியில் ஒரு நாள் ராத்திரி போன் பண்ணினார்.

“மாப்ள, வண்டிக்குப் பேய் பிடிச்ச மாதிரி இருக்குடா. வைப்பர் தானா ஓடுது. இண்டிகேட்டர் போட்டா உள்ள லைட் மினுங்குது. நேத்து மெட்டுல பனிக்குள்ள வரும்போது ஹெட்லைட் அணைஞ்சு அணைஞ்சு எரியுது. உசுரு கையில இல்ல.”

ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டுப் பத்தே நிமிஷத்தில் “பிசிஎம் போயிருச்சு, புதுசு மாத்தணும்”னு சொல்லிட்டாங்க. கொடுத்த எஸ்டிமேட் இது:

- புது பிசிஎம்: ரூ.19,000
- கோடிங், சாவி பதிவு: ரூ.3,500
- லேபர்: ரூ.2,000
- ஜிஎஸ்டி 18%: ரூ.4,410
- மொத்தம்: ரூ.28,910

பார்ட் வர ஒரு வாரம் ஆகும், அட்வான்ஸ் கட்டுங்கன்னாங்க. “மாமா, ரெண்டு நாள் பொறுங்க. பணம் கட்டாதீங்க”ன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு பார்ப்போம்.

பிசிஎம் என்ன வேலை பார்க்குது?

இன்ஜினைப் பார்த்துக்க தனியா ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. பிசிஎம் அது இல்லை. ஹெட்லைட், இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன், சென்ட்ரல் லாக், பவர் விண்டோ மாதிரியான வேலைகளைப் பார்ப்பது இது. பல வண்டிகளில் சாவியை அடையாளம் கண்டுபிடிக்கிற இம்மொபிலைசரும் இதோடு சேர்ந்திருக்கும். பெரும்பாலும் டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும்.

ஒரு வீட்டுக் கணக்குப்பிள்ளை மாதிரி நினைச்சுக்கோங்க. சுவிட்ச் சொல்வதைக் கேட்டு, எந்த லைட்டுக்கு எப்போ கரண்ட் கொடுக்கணும்னு முடிவு பண்ணுவார். ஆனா அவருக்கே சரியான கரண்ட் வரலைன்னா கணக்கு தப்பும். அப்போ ஆளை மாத்தி என்ன பிரயோஜனம்?

மாத்துறதுக்கு முன்னாடி 4 சோதனைகள்

1. பேட்டரி. வண்டி கொஞ்ச நேரம் சும்மா நின்ற பிறகு, நல்லா சார்ஜ் ஆன பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டணும். இன்ஜின் ஓடும்போது பொதுவா 13.8 முதல் 14.5 வரை. வோல்டேஜ் குறைந்தாலே எலக்ட்ரானிக் பெட்டிகள் தாறுமாறா நடந்துக்கும்.

2. ஃபியூஸ், ரிலே. ஒரே ஒரு பொருள் மட்டும் வேலை செய்யலைன்னா முதலில் ஃபியூஸ், பல்பு, சுவிட்ச், ரிலேயைச் சந்தேகப்படுங்க. சம்பந்தமே இல்லாத பல பொருள்கள் ஒரே நேரத்தில் கெட்டால்தான் பிசிஎம் பக்கமோ, அதுக்குப் போற கரண்ட் பக்கமோ பார்க்கணும்.

3. எர்த். மலை வண்டிகளுக்கு ரொம்ப முக்கியம். மழை, பனி, சேறு எல்லாம் சேர்ந்து பாடியில் எர்த் ஒயர் மாட்டியிருக்கும் இடத்தைத் துருப்பிடிக்க வைக்கும். லைட்டெல்லாம் போட்டுட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொரு முனையை பிசிஎம் எர்த்திலும் வைக்கணும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில் கோளாறு. இண்டிகேட்டர் போட்டா வேற லைட் மினுங்குவது மோசமான எர்த்துக்குப் பழைய அடையாளம்.

4. ஸ்கேனர் சொன்ன கோட். பிரிண்ட் அல்லது போட்டோ கேளுங்க. யு0140 என்ற கோடுக்கு அர்த்தம், பிசிஎம்மோடு தொடர்பு அறுந்துபோச்சு என்பது மட்டும்தான். போன் எடுக்கலைன்னா ஆள் செத்துட்டார்னு அர்த்தமா? சிக்னல் இல்லாம இருக்கலாம், சார்ஜ் இல்லாம இருக்கலாம். அதே மாதிரிதான் ஒயர் அறுந்தாலும் எர்த் போனாலும் இந்தக் கோட் வரும்.

மாமா வண்டியில் நடந்தது என்ன?

தேனியில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டினோம். அரை நாள் பார்த்தார். ரெண்டு விஷயம் மாட்டுச்சு.

ஒன்று, எர்த் ரிங் பச்சை பூத்து அரிச்சுப் போயிருந்தது. அதைச் சுத்தம் பண்ணி மாத்தினதும் வைப்பர் அடங்கிடுச்சு, மினுங்கலும் நின்னுடுச்சு.

ரெண்டாவதுதான் பெரிய பாடம். பனிக்காக மாமா வெளியில் ரெண்டு ஃபாக் லைட் மாட்டியிருந்தார். மெட்டு ஏறுற பலரும் செய்வதுதான். ஆனா ரிலே இல்லாம, ஹெட்லைட் ஒயரையே உரிச்சு அதில் சேர்த்துக் கட்டியிருந்தாங்க. கணக்குப் போடுங்க. ஒரு பல்பு 55 வாட், ரெண்டுக்கு 110 வாட். 12 வோல்ட்டால் வகுத்தா 9 ஆம்பியருக்கு மேல். கம்பெனி கொடுத்த பல்புக்காக மட்டும் செஞ்ச பிசிஎம் பாதையில் இந்த எக்ஸ்ட்ரா சுமையும் ஏறியது. கடைசியில் போர்டில் ஹெட்லைட்டுக்கான பாகம் மட்டும் சூடாகிக் கருகிடுச்சு.

யோசிச்சுப் பாருங்க. மூலகாரணத்தைச் சரி பண்ணாம 28,910 ரூபாய் கொடுத்துப் புதுசு மாட்டியிருந்தா, அதுவும் அதே மாதிரி கருகியிருக்கும்!

இப்போ முழுக் கணக்கு

சோதனைக்கு 500, எர்த் வேலைக்கு 700, ஃபாக் லைட்டுக்குத் தனி ரிலே, ஃபியூஸ், ஒயரிங் 1,900, போர்டு ரிப்பேர் 3,500. மொத்தம் ரூ.6,600.

ரிப்பேர் பில்லோடு கணக்கு முடியாது. வண்டி நின்ற நாளுக்கும் விலை உண்டு. காய் எடுப்பு நேரம், தோட்டத்துக்குப் போகாம இருக்க முடியாது. வாடகை ஜீப் ஒரு நாளைக்கு 2,500. மூணு நாளுக்கு 7,500. ஆக மொத்தச் செலவு 14,100. அந்த ஒர்க்‌ஷாப் வழியில் போயிருந்தா ஒரு வார வாடகை 17,500 சேர்த்து 46,410. வித்தியாசம் ரூ.32,310.

உண்மையிலேயே மாத்தணும்னா?

கரண்ட், எர்த், ஒயர் எல்லாம் சரியா இருந்தும் கோளாறு நீடிச்சா, தண்ணி உள்ளே போய் போர்டு முழுக்க அரிச்சிருந்தா, மாத்தித்தான் ஆகணும். ஹெட்லைட், வைப்பர் சம்பந்தப்பட்டதைத் தள்ளிப்போட்டுட்டு மெட்டு ஏறாதீங்க. மாத்தும்போது கவனிக்க வேண்டியவை:

- பார்ட் நம்பர் அப்படியே ஒத்துப்போகணும். ஒரே மாடலில்கூட வேரியன்ட்டுக்கு வேரியன்ட் மாறும்.
- பழைய பெட்டியைக் கழற்றும் முன் அதிலிருக்கும் கோடிங்கைப் படிச்சு சேமிக்கச் சொல்லுங்க.
- பேட்டரி நெகட்டிவ் முனையைக் கழற்றிய பிறகே கை வைக்கணும். ஏர்பேக் ஒயர்கள் பக்கத்தில் இருக்கும் என்பதால் வீட்டில் செய்யும் வேலை இல்லை.
- வீட்டில் இருக்கும் எல்லாச் சாவியையும் கொண்டு போங்க. பதிவு செய்யாத சாவியில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம்.
- பழைய இரும்புக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்குதேன்னு வாங்காதீங்க. பல வண்டிகளில் அது பழைய வண்டியின் சேஸிஸ் நம்பரோடு பூட்டப்பட்டிருக்கும்.
- மாத்தின பழைய பெட்டியைக் கேட்டு வாங்குங்க. ஜிஎஸ்டி பில்லும் வாரன்டியும் எழுத்தில் வேணும்.

இன்சூரன்ஸ் தருமா?

சாதாரண வாகனப் பாலிசியில் எலக்ட்ரிக்கல் பிரேக்டவுன் கவர் ஆகாது. விபத்திலோ வெள்ளத்திலோ கெட்டால் கிளெய்ம் உண்டு, ஆனா தேய்மானம் கழிப்பாங்க. 5 வருஷத்துக்கு மேல் 10 வருஷம் வரையான வண்டிக்கு 40%. ஜீரோ டெப் எடுத்திருந்தா இந்தக் கழிவு இல்லை.

கிளெய்ம் உண்டுன்னாலும் நோ கிளெய்ம் போனஸைப் பாருங்க. உங்க ஓன் டேமேஜ் பிரீமியம் 9,000, போனஸ் 50%னு வைங்க. ஒரு கிளெய்ம் போட்டா போனஸ் பூஜ்யத்துக்கு இறங்கி, பிறகு 20, 25, 35, 45னு ஏறி, மறுபடி 50 ஆகும். இந்த அஞ்சு ரினியூவலில் நீங்க கூடுதலா கட்டுவது 4,500 + 2,700 + 2,250 + 1,350 + 450 = ரூ.11,250. கிளெய்ம் தொகை இதைவிடக் குறைவுன்னா கைக்காசே லாபம்.

எக்ஸ்டெண்டட் வாரன்டி வைத்திருப்பவர்கள் அதில் எலக்ட்ரிக்கல் பாகங்கள் உண்டான்னு பாருங்க. வெளியில் ஒயரை உரிச்சு லைட் மாட்டியிருந்தா, அதையே காரணம் காட்டி மறுக்க வாய்ப்பு அதிகம். வேலை சரியில்லாம ஏமாந்துட்டீங்கன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இப்போ மாமா வண்டியில் ஃபாக் லைட் தனி ரிலேயில் எரியுது. மிச்சமான பணத்தில் 10,000 ரூபாயை வண்டிக்குன்னே தனியா ஆர்டி போட்டு வைக்கச் சொன்னேன். “அடுத்த தடவ எவனாவது பெட்டி போயிருச்சுன்னா, முதல்ல எர்த்தப் பாருடான்னு கேப்பேன் மாப்ள”ங்கறார்.

நீங்களும் கேளுங்க. அடுத்த பதிவில் வண்டிக்கான தனி ஃபண்டை மாசாமாசம் எப்படிச் சேர்ப்பதுன்னு பார்ப்போம்.