பிள்ளை கிறுக்கியதைச் சுவரில் மாட்டுமுன்

மூன்று வயதுப் பிள்ளையின் கையில் ஒரு கிரேயான் பெட்டியைக் கொடுத்தால் ஒரு நாளைக்குப் பத்துத் தாள் தீரும். அதை வைத்து வீட்டை எப்படி அழகு செய்வது என்று, முதல் பிள்ளை பெற்ற பெண்கள் பலர் என்னிடம் கேட்கிறார்கள். பள்ளியில் ஓவியம் கற்றுக்கொடுத்தவள், பேரன் பேத்தி எடுத்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

1. முதலில் பிள்ளையைக் கேளுங்கள். உங்களுக்குப் பிடித்த மயில் படத்தைவிட, அவளுக்கு மூலையில் கிடக்கும் பச்சைக் கிறுக்கல்தான் உசத்தியாக இருக்கலாம். அவள் கை காட்டுவதையே மாட்டுங்கள்.

2. படத்தின் பின்பக்கம் தேதி, வயது, அது என்ன படம் என்று பிள்ளை சொன்ன சொல், மூன்றையும் எழுதிவையுங்கள். டெல்லியில் கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1949-இல் தொடங்கிய சிறுவர் போட்டிக்குப் படம் அனுப்பும்போது பெயரும் வயதும் எழுதி அனுப்புவோம். எனக்கு அதில் வந்த பழக்கம் இது. மென்மையான பென்சிலால் எழுதுங்கள். ஸ்கெட்ச் பேனா மறுபக்கம் ஊறும், பால்பாயின்ட் தடம் பதியும். "அம்மா பஸ்ஸுக்கு ஓடுறா" என்று என் பேத்தி சொன்னதை எழுதி வைத்திராவிட்டால் அந்த நான்கு கோடுகள் இன்று யாருக்கும் புரியாது.

3. அசல் படத்தில் கத்தரிக்கோல் படக்கூடாது. கலர் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். அல்லது ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், நேர் மேலிருந்து போனில் படம்பிடித்து அச்செடுங்கள். பாதியாகச் சுருக்கினால் ஒரு ஏ4 தாளில் இரண்டு படம் வரும். அவற்றை மாவிலை வடிவில் வெட்டி நூலில் கோத்தால் பிறந்தநாளுக்கு வாசல் தோரணம் தயார்.

4. கிரேயான் படத்தை லேமினேட் செய்யாதீர்கள். கிரேயான் என்பது மெழுகு. அந்த இயந்திரமோ சூட்டில் ஒட்டுவது. என் மூத்த மகன் ஐந்து வயதில் வரைந்த ரயிலை அவசரப்பட்டு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நீலம் உருகிப் பெட்டிகளெல்லாம் ஒன்றோடொன்று ஈஷிக்கொண்டு வந்தது. பிளாஸ்டிக்கை உரித்துப் படத்தை மீட்கவும் வழியில்லை. இன்றும் எனக்கு அது ஆறவில்லை.

5. செலோடேப் வேண்டாம், நாளடைவில் மஞ்சளாகிக் கறை விடும். மைதாப் பசைக்குக் கரப்பான் வரும். ஃபெவிகாலை நிறையத் தடவினால் அதன் ஈரத்தில் தாள் சுருங்கும். பழைய ஆல்பங்களில் இருப்பதுபோல நான்கு மூலைக்கும் சின்னக் காகித உறை மடித்து, அதைமட்டும் அட்டையில் ஒட்டிப் படத்தைச் செருகுங்கள். அட்டைக்குப் போன வருஷத்து நாள்காட்டி போதும். சாமி படம் போட்டது வேண்டாம். அதை மறைக்கவோ சுவர் பக்கம் திருப்பவோ வீட்டுப் பெரியவர்களுக்கு மனசு வராது.

6. கண்ணாடிச் சட்டம் போட்டால் கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. மழைக்காலத்து ஈரத்தில் வாட்டர் கலர் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். நடுவே விளிம்பட்டை வைக்கச் சொல்லுங்கள். வெயில் நேராக விழும் சுவரில் ஸ்கெட்ச் பேனா நிறம் சீக்கிரம் வெளுத்துவிடும். குளியலறையை ஒட்டிய சுவரில் ஓதம் ஏறும். சட்டத்துக்குச் செலவு செய்ய முடியாவிட்டால் சணல் கயிறும் துணி கிளிப்பும் போதும். பிள்ளையின் கண் உயரத்துக்குக் கட்டுங்கள், நம் உயரத்துக்கு அல்ல.

7. எனக்கு மிகப் பிடித்தது தையல். பழைய பருத்தி வேட்டியில் வெள்ளையாக, நைந்து போகாமல் இருக்கும் பகுதியை வெட்டிக்கொள்ளுங்கள். நகலெடுத்த படத்தைத் துணிமேல் வைத்து, நடுவே தையல் கார்பன் தாள் வைத்துப் பென்சிலால் அழுத்தி வரையுங்கள். எம்பிராய்டரி நூலில் ஆறு இழை இருக்கும். இரண்டு இழை பிரித்துச் சங்கிலித் தையல் போடுங்கள். சிவப்பு நூலை முதலில் நனைத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள், சாயம் போனால் தொடாதீர்கள். கோடு எங்கே நடுங்குகிறதோ அங்கே ஊசியும் நடுங்கிப் போகட்டும். நேராக்கினால் அது உங்கள் படமாகிவிடும். பேரன் தாத்தாவுக்கு ஒரு கையில் ஏழு விரல் போட்டிருந்தான். ஏழையும் தைத்து, அந்தத் துணியைத் தலையணை உறையாக்கினேன். அது இல்லாமல் என் வீட்டுக்காரர் மத்தியானம் படுப்பதில்லை.

8. பத்துப் பன்னிரண்டு வயதில் "இதையெல்லாம் எடுத்துடும்மா, ஃபிரெண்ட்ஸ் வர்றாங்க" என்பாள். மறுபேச்சின்றி எடுத்துவிடுங்கள். சுருட்ட வேண்டாம், படங்களுக்கு நடுவே பட்டர் பேப்பர் வைத்து, தட்டையாக ஒரு கோப்பில் அடுக்கி, பீரோவின் மேல்தட்டில் வையுங்கள். தரையோடு இருக்கும் தட்டில் ஈரமும் கரையானும் முதலில் வரும்.