முந்திரிகையின் புளிப்பும் அறுவடைப் பருவமும்

திராட்சை என்றும் முந்திரிகை என்றும் வழங்கப்படும் கொடியைப் பற்றி நெற்செய்கையாளரும் மரக்கறிச் செய்கையாளரும் வினவுவதுண்டு. கொழும்பில் வெள்ளவத்தைச் சந்தையிலும் கொட்டாஞ்சேனைக் கடைகளிலும் அப்பழம் விலைபோவதைக் காண்போர், தம் நிலத்திலும் அதனை வைத்தாலென்ன என்று எண்ணுதல் இயல்பே. அங்ஙனம் எண்ணுவோர், பழத்தின் புளிப்பு எங்கிருந்து வருகின்றது, எப்போது நீங்குகின்றது என்பதை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும். பந்தலுக்கும் கம்பிக்கும் இட்ட முதல் திரும்புவது பெரும்பாலும் அதனைப் பொறுத்தே உள்ளது.

புளிப்பை வேண்டியே முந்திரிகை பயிரிடும் நாடும் உண்டு. பிரான்சின் மேற்குக் கரையில், லுவார் ஆறு கடலை அணுகும் நாந்து நகரின் சுற்றுப்புறத்தில், ‘மெலோன்’ என்னும் வெள்ளை இனம் பயிராகின்றது. பர்கண்டிப் பகுதியிலிருந்து வந்த இவ்வினம், 1709 ஆம் ஆண்டின் கடுங்குளிரில் அங்கிருந்த கொடிகள் பட்டுப்போன பின்னர் பரவலாக நடப்பட்டது. இதன் சாற்றிலிருந்து ஆகும் வெள்ளை வைனுக்கு முஸ்கடே என்று பெயர். நம்மவர் அறிந்த ‘மஸ்கட்’ முந்திரிகை வேறு. பெயரொலி கண்டு மயங்க வேண்டா. செவ்ர், மேன் என்னும் ஆறுகளின் பக்கத்தில் விளைவதற்கு 1936 இல் எல்லை வகுத்து, அப்பெயரைச் சட்டத்தினால் காத்தனர்.

முஸ்கடேயில் இனிப்பு ஏறக்குறைய இல்லை. சாறு நொதிக்கும்போது மதுவம் என்னும் நுண்ணுயிர் வெல்லத்தை உண்டு அற்ககோலாக மாற்றிவிடுகின்றது. ஒரு லீற்றர் சாற்றில் 200 கிராம் வெல்லம் இருப்பின், அது முற்றாக நொதித்தபின் 12 வீத அளவில் அற்ககோல் உண்டாகும். வெல்லம் தீர்ந்தபின் நாவிற்குத் தெரிவது புளிப்பே. அப்புளிப்பு மழுங்காதிருத்தற்பொருட்டு, பழம் மிகக் கனியுமுன் அங்கே அறுவடை செய்கின்றனர்.

முந்திரிகையின் புளிப்பு முக்கியமாக இரண்டு அமிலங்களால் ஆயது. ஒன்று நம் புளியம்பழத்தில் உள்ள தாத்தாரிக் அமிலம். மற்றது அப்பிள் பழத்தில் உள்ள மாலிக் அமிலம். முன்னது வெப்பத்திற்கு எளிதில் அசையாது. பின்னதையோ பழம் தன் சுவாசத்திற்குச் செலவிடுகின்றது. வெப்பம் மிகுந்தால் செலவும் மிகும். நாந்துப் பக்கத்தில் புரட்டாதி மாத இரவுகள் குளிர்ந்திருப்பதால் அது எஞ்சி நிற்கின்றது. கொழும்பிலோ இரவிலும் வெப்பம் 22 பாகை செல்சியசுக்குக் கீழே அரிதாகவே இறங்கும். ஆகவே மெலோன் கொடியையே கொணர்ந்து இங்கு நட்டாலும் அந்தச் சுவை வராது. இதில் கமக்காரருக்கு நட்டமொன்றுமில்லை. உண்ணும் பழத்திற்கு வெப்பம் துணையே. காலம் தவறாது பறித்தல் மட்டுமே வேண்டும்.

இலங்கையில் இக்கொடிக்குப் பெயர்பெற்ற இடம் யாழ்ப்பாணத்து வலிகாமம். அங்குள்ள செம்பாட்டு மண் நீர் வடியத்தக்கது. கீழே சுண்ணக்கல், கிணற்று இறைப்பு, நீண்ட வறட்சி ஆகிய யாவும் பொருந்தியுள்ளன. ‘இஸ்ரேல் புளூ’ என்னும் கருநிற இனமே அங்கு மிகுதி. தோலகட்டியில் 1928 இல் தொடங்கிய செபமாலைத் தாசர் ஆச்சிரமத்தார் முந்திரிகை இரசம் ஆக்குவதிலும் பேர்பெற்றவர். (அனுமதிப்பத்திரமின்றி வீட்டில் வைன் ஆக்குதல் மதுவரிச் சட்டப்படி குற்றமாகும்.)

பிரான்சில் குளிர்காலமே கொடியை உறங்கவைக்கும். நம் நாட்டில் அவ்வேலையைக் கத்தரிக்கோல் செய்கின்றது. கிளைகளைக் கத்தரித்தபின் புதுத்தளிர் வெடித்துப் பூத்து, இனத்தைப் பொறுத்து மூன்றரை அல்லது நான்கு மாதத்தில் பழம் முதிரும். கத்தரிக்கும் நாளைத் தெரிவு செய்கின்றவர் அறுவடை நாளையும் அப்பொழுதே தெரிவு செய்தவராகின்றார். யாழ்ப்பாணத்தில் ஐப்பசி முதல் மாரி வலுக்கும். ஆதலின் வைகாசி இறுதியில் கத்தரித்தால் மழைக்கு முன் பழம் எடுக்கலாம். ஆவணியில் கத்தரிப்பவர் பழம் வெடிப்பதையும் அழுகுவதையும் காண்பார்.

கொழும்பின் நிலை கடினமானது. யாழ்ப்பாணத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு மழை அங்கு பெய்கின்றது. சித்திரை வைகாசியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் அது மிகும். நீர் தேங்கும் வயல் நிலத்தில் முந்திரிகை வேர் அழுகும். அங்கே அதனை வைத்தலே கூடாது. வெள்ளவத்தை வீடொன்றின் மொட்டைமாடியில் ஒன்றிரண்டு கொடி வளர்க்கலாம். வருவாய்க்கென நடுவதை யாம் ஊக்குவியோம்.

ஈரத்தில் தோன்றும் கேடு அடிச்சாம்பல் நோய். இலையின் மேற்புறம் எண்ணெய்ப் புள்ளிபோல் மஞ்சளித்து, கீழே வெண்பூஞ்சணம் படரும். அமெரிக்காவிலிருந்து பிரான்சு சென்ற இந்நோய் 1878 இல் அங்கே காணப்பட்டது. போர்டோவில் தெருவோரக் கொடிகளைத் திருடர் தொடாதிருக்கத் தெளித்த துருசும் சுண்ணாம்பும் நோயையும் தடுத்ததை மில்லர்தே என்னும் அறிஞர் கண்டார். 1885 இல் அவர் வெளியிட்டதே போர்டோக் கலவை. துருசு 10 கிராம், நீற்றாத சுண்ணாம்பு 10 கிராம், நீர் ஒரு லீற்றர் என்பது அளவு. இரண்டையும் தனித்தனியே கரைத்துக் கலத்தல் வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. துலக்கிய கத்தியைக் கலவையில் தோய்க்கச் செம்பு படியுமாயின் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க. அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு தெளிப்பை நிறுத்துவதென்பதை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிக.

மாம்பழத்தையும் வாழைக்குலையையும் போல முந்திரிகை பறித்தபின் பழுப்பதில்லை. விலை உயர்ந்திருக்கின்றதென்று நிறம் கண்ட மாத்திரத்தே கொய்து கொழும்புக்கு அனுப்பினால், புளிப்பு அப்படியே புகைவண்டியில் வந்து சேரும். வாங்கியவர் மறுமுறை வெளிநாட்டுப் பழத்தையே நாடுவார். குலையின் தோள்புறம் முதலிலும் நுனி இறுதியிலும் கனியும். ஆகையால் நுனிப்பழத்தைச் சுவைத்துப் பார்க்க. அது இனித்து, உள்ளிருக்கும் விதை பச்சை நீங்கிக் கபிலநிறம் கொண்டிருந்தால் அக்குலையை அறுக்கலாம். காலை வெயில் ஏறுமுன், பழத்தின்மேல் உள்ள வெண்பொடி அழியாவண்ணம், காம்பைப் பிடித்து வெட்டுக.