படத்தில் கண்ட சஹனும் மேசைக்கு வந்த சஹனும்

எனது சாப்பாட்டுக் கடைக்கு முப்பது வருடங்களாக விளம்பரம் என்று இருந்தவை இரண்டுதான். ஒன்று, பகல் பதினொரு மணிக்குப் புரியாணிச் சட்டியைத் திறக்கும்போது தெருவுக்குப் போகும் வாசனை. மற்றது, சாப்பிட்டவரின் வாய். அப்படிப்பட்ட நான் ஐம்பத்தாறு வயதில், உணவைப் போட்டோ பிடிப்பதும் அலங்கரிப்பதும் எப்படி என்ற ஒரு நாள் செயலமர்வுக்குப் போய், இருபது வயதுப் பிள்ளைகளுடன் அமர்ந்து குறிப்பெடுத்தேன். ஏன் போக நேர்ந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகின்றேன்.

வட்ஸ்அப்பில் ஓடர் எடுக்கும் வேலையைப் பொறுப்பேற்ற மகன், சஹனின் படம் ஒன்றை எல்லோருக்கும் அனுப்பி வந்தான். ஆறு பேருக்கான சஹன் அது. படம் எடுத்த அன்று அழகுக்காக ஒரு கோழிக்குப் பதிலாக இரண்டு கோழியையும், ஆறு முட்டைக்குப் பதிலாகப் பத்து முட்டையையும் வைத்திருக்கின்றான். எனக்குத் தெரியாது. தெரியாது என்பது ஒரு முதலாளிக்குச் சாட்டாகாது என்பது வேறு விடயம்.

ஒரு வலீமாவுக்கு முப்பது சஹன் ஓடர் வந்தது. விருந்து நடந்துகொண்டிருக்கும்போதே மாப்பிள்ளையின் தகப்பனார் போன் எடுத்தார். சத்தம் போடவில்லை. “ஹாஜியார், படத்தில இருந்த மத்தக் கோழி எங்க?” என்று மட்டும் கேட்டார். பேசிய விலைக்கு ஒரு கோழி சரியான அளவுதான். ஆனால் அவர் படத்தைப் பார்த்தல்லவா வாங்கினார்! பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார். அந்தக் குடும்பம் அதன்பின் எமது கடைப் பக்கம் வரவில்லை.

இனிப் படமே வேண்டாம் என்றேன். “வாப்பா, படம் போடாட்டி ஓடரே வராது” என்றான் மகன். படமில்லாமல் விலைப்பட்டியலை மட்டும் அனுப்பிய இரண்டு வாரமும் போன் பெரிதாக அடிக்கவில்லை. ஆகவே வாக்குவாதத்தை நிறுத்திவிட்டு, இருவருமாகப் பெயர் கொடுத்தோம்.

சுபஹ் தொழுதுவிட்டு மாவனல்லையில் பஸ் ஏறினோம். இடம் தெஹிவளையில் ஒரு வீட்டின் மேல்மாடி. படிப்பித்தவர் ஒரு சிங்களச் சகோதரி. பெரிய கமராக்களைப் பற்றிப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ முதலில் எல்லோரையும் போன் லென்சைத் துணியால் துடைக்கச் சொன்னார். எனது போனில் கடை எண்ணெய் ஒரு படையாக இருந்தது.

அடுத்ததாக டியூப் லைட்டுகளை அணைத்தார். டியூப் வெளிச்சமும் பகல் வெளிச்சமும் ஒரே தட்டில் விழுந்தால் வெள்ளைச் சோறு ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலமாகவும் தெரியும். போனின் ஃபிளாஷ் அதைவிட மோசம். நேராக முன்னாலிருந்து அடித்து, உணவை ஒட்டிய காகிதம் போலாக்கிவிடும். சாப்பாட்டுக்கு நல்லது ஜன்னல் வெளிச்சம், அதுவும் பக்கத்திலிருந்தோ சற்றுப் பின்னாலிருந்தோ வர வேண்டும். வெயில் நேரே விழுந்தால் மெல்லிய வெள்ளைத் துணியை ஜன்னலில் கட்ட வேண்டும். இருட்டாக இருக்கும் மறுபக்கத்தில் ஒரு வெள்ளை பிறிஸ்டல் போர்ட்டை நிறுத்தினால் வெளிச்சம் திரும்பி வந்து நிழலைக் குறைக்கும்.

இதன் பெறுமதி எனக்கு விளங்கியது வட்டிலப்பத்தில்தான். எமது சாப்பாட்டில் பெரும்பாலானவை மண்ணிறமானவை. வட்டிலப்பம், இறைச்சிக் கறி, கத்தரிக்காய் மோஜு எல்லாமே வாய்க்கு நல்லவை, கமராவுக்குச் சேறு. கொண்டுபோன வட்டிலப்பத்தை ஃபிளாஷ் போட்டு எடுத்தபோது ஒரு செங்கல் போலிருந்தது. அதையே ஜன்னலோரம் வைத்து, ஒரு துண்டு வெட்டி, வெட்டிய முகத்தில் பக்கவாட்டு வெளிச்சம் விழ எடுத்தபோது உள்ளே இருந்த சிறு துளைகள் ஒவ்வொன்றும் நிழலோடு தெரிந்தன. கருப்பட்டிப் பாகு மினுங்கியது. நன்றாக அவிந்த வட்டிலப்பத்துக்கு அந்தத் துளைகள்தானே சாட்சி! மினுங்கும் எவர்சில்வர் தட்டு கூரையையும் எமது முகத்தையும் காட்டும். மினுக்கமில்லாத வெள்ளைத் தட்டோ வாழையிலையோ மண்ணிறத்தை எடுத்துக் காட்டும்.

கோணத்திலும் ஒரு கணக்கு உண்டு. பர்கர், கேக், பலூடா போன்று உயரமானவற்றை அதன் மட்டத்துக்குக் குனிந்து எடுக்க வேண்டும். கோப்பையில் உள்ள கறியை, சாப்பிட உட்கார்ந்தவர் பார்ப்பது போல 45 பாகையில். பரந்தவற்றை நேர் மேலிருந்து. மிகக் கிட்டப் போனால் போன் லென்ஸ் தட்டைக் கோணலாக்கும். இரண்டடி பின்னால் நின்று, இரண்டு மடங்கு பெருப்பித்து எடுப்பது நல்லது.

பகலுக்குப் பிறகு அலங்காரம். இங்குதான் எனக்கு நெஞ்சு இடித்தது. விளம்பரப் படங்களில் பாலுக்குப் பதிலாக வெள்ளைப் பசையும், ஐஸ்கிரீமுக்குப் பதிலாக உருளைக்கிழங்கு மசியலும் வைக்கும் பழைய வித்தைகளைச் சொன்னார். பிறகு ஒரு சிறு கோப்பையைத் தட்டில் கவிழ்த்து, அதன்மேல் சோற்றைப் பரப்பினார். ஒரு அகப்பைச் சோறு மலையாக நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். எனது காதில் “மத்தக் கோழி எங்க?” என்ற குரல்தான் கேட்டது.

கையை உயர்த்தி, “மகள், அந்தக் கோப்பையும் சேர்ந்தா வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகும்?” என்று கேட்டேன். சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “அங்கிள், சஞ்சிகை அட்டைப் படத்தை யாரும் ஓடர் பண்ணுவதில்லை. மெனுவுக்கு எடுக்கும்போது கடையிலிருந்து வரும் தட்டைத்தான் நான் எடுப்பேன்” என்றார். அத்துடன் அமெரிக்கக் கெம்பல் சூப் கம்பனியின் கதையையும் சொன்னார். 1960களின் பிற்பகுதியில், மரக்கறித் துண்டுகள் மேலே தெரிவதற்காகச் சூப் கோப்பையின் அடியில் கண்ணாடிக் குண்டுகளைப் போட்டுப் படமெடுத்திருக்கின்றார்கள். சூப் அசல் சூப்தான். ஒரு துண்டுகூடக் கூட்டவில்லை. இருந்தும் அந்நாட்டு பெடரல் வர்த்தக ஆணைக்குழு, இல்லாத நிறைவைக் காட்டுகிறது என்று 1970இல் அதற்குத் தடைக் கட்டளை போட்டது.

எமது நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, நுகர்வோரை ஏமாற்றும் அல்லது ஏமாற்றக்கூடிய நடத்தையை வியாபாரிகளுக்குத் தடை செய்கின்றது. உணவுக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவத்தையும் ஜும்ஆக்களில் எத்தனையோ தடவை கேட்டிருக்கின்றோம். நான் அதை எப்போதும் அரிசிக் கடைக்காரருக்குச் சொன்னதாகவே நினைத்திருந்தேன்.

திரும்பி வந்து, ஒரு ஓடருக்குக் கட்டத் தயாராக இருந்த சஹன்களில் ஒன்றைப் பின்கதவடியில் வைத்து ஐந்து நிமிடத்தில் படமெடுத்தோம். ஒரு கோழி, ஆறு முட்டை. கோழியைத் துண்டுகளாக்கித் தோல் பக்கம் மேலே வர அடுக்கினோம். முட்டைகளைப் பாதியாக வெட்டி மஞ்சளைக் காட்டினோம். சோற்றை முள்ளுக்கரண்டியால் உதிர்த்து, மலே அச்சாறை ஓரத்தில் வைத்தோம். நேர் மேலிருந்து எடுத்ததால் உயரத்துக்கே வேலை இல்லாமல் போனது. ஆறு பேரின் பங்கும் தெளிவாகத் தெரிந்தது. படத்தின் கீழ் எண்ணிக்கையை எழுதினோம். அளவு மாறினால் அன்றே படமும் மாற வேண்டும் என்று மகனுடன் பேசி வைத்திருக்கின்றேன். 2022இல் விலைவாசி ஏறியபோது இறைச்சியைக் குறைத்துவிட்டுப் பழைய படத்தையே ஓடவிட்டவர்களில் நானும் ஒருவன்.

இரண்டு கோழி காலத்தைவிட ஓடர் சற்றுக் குறைவுதான், மறைக்கவில்லை. ஆனால் எண்ணிக்கையைப் படித்த ஒரு தாய், “இன்னொரு கோழி சேர்த்தா எவ்வளவு?” என்று கேட்டார். அதிலிருந்து இரண்டு கோழிச் சஹன் ஒன்றை, அதற்குரிய விலையுடனும் தனிப் படத்துடனும் தொடங்கினோம். வலீமாக்காரருக்கும் இரண்டு படங்களையும் அனுப்பினேன். பார்த்திருக்கின்றார், இன்னும் பதில் இல்லை.

வட்டிலப்பத்தை மட்டும் இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி எடுக்க வேண்டும். படத்தைப் பார்த்த எனது மனைவி, “நாம இவ்வளவு கஜு போடுறல்லயே” என்றுவிட்டார்.