பிரேக் பேட் மாற்றுவது ஏன் கடினம்?

கேள்வி: மாமல்லபுரத்தில் வசிக்கிறேன். என் காரில் பிரேக் பேட் மாற்ற மெக்கானிக் மிகவும் சிரமப்படுகிறார். எளிதாகக் கழற்றும்படி இதை வடிவமைக்க முடியாதா?

– ஒரு வாசகர், மாமல்லபுரம்

பதில்: முடியும், வடிவமைத்தும் இருக்கிறார்கள். பெரும்பாலான கார்களில், பேட்டைப் பிடித்து அழுத்தும் பாகமான கேலிப்பர் மிதக்கும் வகை; அதில் கீழ் போல்ட்டைக் கழற்றி மேலே தூக்கினாலே பேட் வெளியே வந்துவிடும். இருபுறமும் பிஸ்டன் உள்ள சில கேலிப்பர்களில் பின்னை மட்டும் உருவினால் போதும். ஆனால் அவை விலை அதிகம், சக்கரத்துக்குள் இடமும் கூடுதலாக வேண்டும்.

உங்கள் ஊரில் எதிரி உப்புக்காற்று. கிழக்குக் கடற்கரைச் சாலையோர வண்டிகளில் கேலிப்பர் நகரும் வழுக்குப் பின்கள் துருப்பிடித்து இறுகிவிடும். அப்போது ஒரு பக்கப் பேட் மட்டும் வேகமாகத் தேயும், கழற்றுவதும் பெரும்பாடு. துருப்பிடிக்காத எஃகுக் கிளிப், கிழியாத ரப்பர் உறை, தேய்மானம் தெரியும் திறப்பு ஆகியவை இருந்தால் பாதித் தொல்லை தீரும்.

ஆண்டுக்கொரு முறை பின்களைச் சுத்தம் செய்து, பிரேக்குக்கான சிலிகான் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்பச் செய்துவிடும். பேட்டின் தடிமன் 3 மில்லிமீட்டராகத் தேய்ந்ததும் மாற்றுங்கள். மாற்றியபின், வண்டியை நகர்த்தும் முன் பெடலைப் பலமுறை மிதித்து இறுக்கம் வந்ததா என்று பாருங்கள்.

எளிதாகக் கழற்றும் வடிவமைப்புக்கான ஆட்களும் தொலைவில் இல்லை: செங்கல்பட்டை அடுத்த மகேந்திரா சிட்டியில் 2012 முதல் வாகன ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. சென்னைப் பாடியில் பிரேக் தயாரிக்கும் தொழிற்சாலையும் உண்டு. பொறியாளர்களே, கடலோர மெக்கானிக்கின் கைகளையும் நினைத்து வரையுங்கள்!