சாம்பேசி ஆறும் அதன் கரை மக்களும்

ஆபிரிக்காவின் நீண்ட ஆறுகளுள் நைல், கொங்கோ, நைகர் என்பவற்றுக்கு அடுத்ததாக வருவது சாம்பேசி. இதன் நீளம் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். இந்து சமுத்திரத்தில் விழும் ஆபிரிக்க ஆறுகளுள் இதுவே மிகப் பெரியது. இப்பாடத்தில் இதன் போக்கையும், இதன் கரையில் கமம் செய்யும் இரு மக்களின் வரலாற்றையும் நோக்குவோம்.

மேற்பகுதி

சாம்பியாவின் வடமேற்கில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீற்றர் உயரத்தில், சிறு ஊற்றாக இவ்வாறு தொடங்குகிறது. அங்கோலாவுக்குள் சென்று, மீண்டும் சாம்பியாவுக்குள் வந்து, பரோட்சே என்னும் பெருஞ் சமவெளியை அடைகிறது. இங்கு நிலத்தின் சரிவு மிகக் குறைவு. ஆதலால் மழைகாலத்தின் பிற்பகுதியில் நீர் கரைபுரண்டு சமவெளியை மூடிவிடும்.

இங்கு வாழும் லோசி மக்கள் நீர் ஏறும்போது மாடுகளுடனும் தட்டுமுட்டுச் சாமான்களுடனும் மேட்டுநிலத்துக்குப் போவார்கள். அவர்களது அரசரும் பெரிய ஓடமொன்றில் லியாலுயியிலிருந்து லிமுலுங்காவுக்குச் செல்வார். இதற்குக் குவோம்போகா, அதாவது 'நீரிலிருந்து வெளியேறுதல்', என்று பெயர். நீர் வடிந்ததும் திரும்பி வருவார்கள். அப்போது மண்ணில் ஈரமும் மாடுகளுக்குப் புதுப் புல்லும் இருக்கும்.

நடுப்பகுதி

அப்பால், சுமார் 1.7 கிலோமீற்றர் அகலமாக ஓடிவரும் ஆறு, 108 மீற்றர் ஆழத்தில் விழுகிறது. இதுவே விக்டோரியா நீர்வீழ்ச்சி. ஊர்மக்கள் இட்ட பெயர் 'முழங்கும் புகை'. பின் ஒடுங்கிய மலையிடுக்குகளைக் கடந்து, சாம்பியாவுக்கும் சிம்பாப்வேக்கும் எல்லையாகக் குவெம்பே பள்ளத்தாக்கில் ஓடுகிறது.

இப்பள்ளத்தாக்கின் தொங்கா மக்கள் மழையை நம்பி ஒரு போகமும், வெள்ளம் வடிந்த கரையின் வண்டலில் இன்னொரு போகமும் செய்தனர். மழை பொய்த்தாலும் கரைத் தோட்டம் கைகொடுத்தது. 1955இல் கரிபா அணைக்கட்டு வேலை தொடங்கியது. ஏறத்தாழ 57,000 பேர் வெளியேற்றப்பட்டனர். 1958இல் போக மறுத்த ஓர் ஊரில் பொலிசார் சுட்டதில் 8 பேர் இறந்தனர். அவ்வாண்டு இறுதியில் அணை மூடப்பட, சுமார் 280 கிலோமீற்றர் நீளமான ஏரி தோன்றியது. பலர் குடியேற்றப்பட்ட லுசிட்டு வரண்ட நிலம். அங்கு வண்டலும் இல்லை, இரண்டாம் போகமும் இல்லை. மின்சாரம் செப்புச் சுரங்கங்களுக்கும் நகரங்களுக்கும் போனது. இடம்பெயர்ந்தோரின் பல கிராமங்கள் பல ஆண்டுகள் இருளிலேயே இருந்தன.

கீழ்ப்பகுதி

கரிபாவுக்குக் கீழே கபுவே, லுவாங்வா என்னும் கிளையாறுகள் சேர்கின்றன. மொசாம்பிக்கில் 1974இல் நீர் தேக்கப்பட்ட கஹோரா பாசா அணையைக் கடந்து, கழிமுகத்தில் பல கிளைகளாகப் பிரிந்து கடலில் விழுகிறது. அணைகள் வந்தபின், கழிமுகத்துக்கு வெள்ளம் பழைய காலத்திலும் பழைய அளவிலும் வருவதில்லை. வண்டலும் குறைந்துவிட்டது. மழை குறைந்தால் அணைகளும் தளர்கின்றன: 2024 வரட்சியில் கரிபா ஏரி வற்றி, சாம்பியாவில் நீண்ட மின்வெட்டு ஏற்பட்டது.

நாம் அறிவது

லோசி மக்கள் திரும்பும் காலம் தெரிந்தே வீட்டை விடுகிறார்கள். தொங்கா மக்களுக்கு அக்காலம் வரவேயில்லை. நிலத்தோடு, எந்த மாதத்தில் எந்த மண்ணில் எதை விதைப்பது என்ற தலைமுறை அறிவும் அவர்களுக்குப் பயன்படாமற் போயிற்று. குடியேற்றத்தைத் திட்டமிடுவோர் காணிகளின் எண்ணிக்கையோடு இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

கூடிப் பேசுவோம்

1. எமது ஊரின் மண், மழை, விதைப்புக் காலம் பற்றி மூத்தோர் அறிந்தவற்றைப் பிள்ளைகளுக்காக எவ்வாறு எழுதி வைக்கலாம்?
2. புதிய நிலத்தில் விதைக்குமுன் அங்கு முன்பிருந்தோரிடம் எவற்றைக் கேட்டறிய வேண்டும்?