பறக்க விடாத ஸ்பைடர்மேன்

கேள்வி: 2012-இல் வந்த ‘தி அமேசிங் ஸ்பைடர்மேன்’ கேமைக் கல்லூரி நாட்களில் ஆசையாக ஆடியிருக்கிறேன். அதன் இரண்டாம் பாகம் பிஎஸ்4-க்குப் பழைய டிஸ்க்காக விலைக்கு வருகிறது. நண்பர்கள் வேண்டாம் என்கிறார்கள். படத்தோடு சேர்த்து அவசரமாக இறக்கியதால்தான் சொதப்பலா? வாங்கலாமா?

பதில்: அவசரத்தின் மீது முழுப் பழியையும் போட எனக்கு மனமில்லை. 2004-இல் ட்ரேயார்க் செய்த ‘ஸ்பைடர்மேன் 2’ கூடப் படத்தை ஒட்டி வந்ததுதான், இரண்டாம் பாகமும்கூட. அதை இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள்.

நீங்கள் ஆடிய முதல் பாகத்தில் வலை எதில் ஒட்டுகிறது என்றே தெரியாது. வானத்தில் ஆணி அடித்து வைத்ததுபோல் ஸ்பைடர்மேன் பறப்பார். 2014-இல் வந்த இரண்டாம் பாகத்தில் பீனாக்ஸ் நிறுவனம் அதைத் திருத்தியது. இடது கைக்கு ஒரு பட்டன், வலது கைக்கு ஒரு பட்டன். பக்கத்தில் கட்டடம் இருந்தால்தான் வலை பிடிக்கும். மன்ஹாட்டன் தெருக்களில் அப்படிப் பறப்பது நிஜமாகவே சுகம்.

கெடுத்தது ‘ஹீரோ ஆர் மெனஸ்’ என்ற ஏற்பாடு. ஊரில் குற்றங்கள் முளைத்துக்கொண்டே இருக்கும். கண்டுகொள்ளாமல் போனால் உங்கள் பெயர் கெடும். கெட்டால் சிறப்புப் படை வந்து வழிமறிக்கும், சுடும். குழந்தை கையில் பட்டத்தைக் கொடுத்துவிட்டு, வீட்டுப்பாடம் முடிந்ததா என்று நிமிடத்துக்கு ஒரு தரம் கேட்பது மாதிரி. சரி, போய்க் காப்பாற்றலாம் என்றால் அதே கார் துரத்தல், அதே தீப்பிடித்த கட்டடம், முடிந்ததும் அதே டிவி செய்தி. நாலைந்து முறைக்கு மேல் யாருக்குப் பொறுமை இருக்கும்? கேமின் ஒரே பலம் ஊர் சுற்றுவது. அதற்கே அபராதம் போட்டுவிட்டார்கள்! (கதையைப் பற்றிப் பேசாமல் விடுகிறேன். கிங்பின், க்ரேவன், கார்னேஜ் என்று வில்லன்கள் வந்து குவிகிறார்கள், அவ்வளவுதான்.)

2018-இல் இன்சோம்னியாக் செய்த ‘மார்வெல்ஸ் ஸ்பைடர்மேன்’ இதே பிஎஸ்4-இல் ஓடும். அதிலும் வழியெங்கும் குற்றங்கள் வரும். ஆனால் தாண்டிப் போனால் யாரும் கேட்கமாட்டார்கள். இன்னும் ஆடவில்லை என்றால் முதலில் அதை வாங்குங்கள். 2014 கேம் 2017 தொடக்கத்திலேயே ஆன்லைன் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. அதனால் ‘அரிய டிஸ்க்’ என்று சொல்லி விலை ஏற்றுவார்கள்; அதற்கு மயங்காதீர்கள். மலிவாகக் கிடைத்தால் மட்டும், அந்த இரண்டு பட்டன்களுக்காக ஒரு சாயங்காலம் ஆடிப் பார்க்கலாம்.