கக்கூஸுக்கு எத்தனை குடம் தண்ணீர்?



கழிப்பறை கட்டக் குழுவில் கடன் கேட்கும்போது கதவு, டைல்ஸ் பற்றியெல்லாம் பேசுகிறோம். கோப்பையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கொத்தனார் வாங்கி வருவதுதான் கோப்பை. ஆனால் தண்ணீர் சுமக்கப் போவது அவரில்லையே, நாமதானே!

கடையில் 'ரூரல் பேன்' என்று கேட்டு வாங்குங்கள். அதன் சரிவு 25 முதல் 28 டிகிரி, நல்ல செங்குத்து. கீழே வளைவில் நிற்கும் தண்ணீர் 20 மி.மீ. மட்டும்தான். நாற்றத்தைத் தடுக்க அது போதும். 2 லிட்டர் ஊற்றினாலே எல்லாம் போய்விடும். டவுன் வீடுகளில் வைக்கும் கோப்பையில் 50 மி.மீ. தண்ணீர் நிற்கும், வாளி வாளியாக ஊற்றணும்.

கணக்குப் போடுவோம். வீட்டில் எல்லோருமாக ஒரு நாளைக்கு 7 தடவை என்றால், 2 லிட்டர் வீதம் 14 லிட்டர், ஒரு குடம். அதுவே 10 லிட்டர் வீதம் என்றால் 70 லிட்டர், ஐந்து குடம்! கோடையில் லாரித் தண்ணிக்குக் காத்துக் கிடக்கும் ஊரில் அந்த நாலு குடத்துக்கு எங்கே போவது? பல வீடுகளில் கக்கூஸ் விறகு அடுக்கும் அறையாகிப் போனதே இதனால்தான்.

குழி இரண்டாக இருக்கட்டும், நடுவில் 1 மீட்டர் விட்டு. அடியில் சிமெண்ட் பூச விடாதீர்கள்; தண்ணீர் மண்ணில் இறங்கணும். ஒன்று நிறைந்ததும் மற்றதுக்குத் திருப்பிவிட்டு, 2 வருஷம் மூடி வைத்தால் உள்ளே இருப்பது எருவாகிவிடும். அடிபம்பு, கிணற்றிலிருந்து 10 மீட்டராவது தள்ளி வெட்டுங்கள்.

கொத்தனாருக்கு மீதிப் பணம் கொடுக்கும் முன், இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடுங்கள்.